நீச்சல் தெரியாதவன் கட்டிய படகு

"போட்டோ யாருதுங்க வெக்கணும்?" என்று கேட்டார் உத்திரமேரூரில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்காரர்.

போட்டோ வேண்டாம், கோடுகள் மட்டும் போதும் என்றேன். அவர் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாக வளைவுகள், அவற்றுக்குக் குறுக்கே கோடுகள். காதுகுத்தா, கிரகப்பிரவேசமா என்றார். இரண்டும் இல்லை என்றதும் முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "வூட்ல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றார்.

"அதெல்லாம் இல்லைங்க. இது ஒரு டிராயிங். அளவு மாறாம அப்படியே அடிச்சிக் குடுங்க, போதும்."

"கீழ ஒரு 'வருக வருக'வாச்சும் போட்டுக்கலாங்க. வெறிச்சுனு கீது."

அது இணையத்தில் நான் தேடி எடுத்த, ஒரு மோட்டார் படகின் குறுக்குச் சட்டங்களுக்கான முழு அளவு வரைபடம். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மானாம்பதிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். என் பரம்பரையில் எவரும் படகு ஓட்டியதில்லை. எனக்கு நீச்சலும் தெரியாது. இத்தனை தகுதிகளை வைத்துக்கொண்டு, நான் ஒரு படகு கட்டப்போகிறேன் என்று பேனர் கடையில் நின்று எப்படி அறிவிப்பது? சுருட்டிக் கொடுத்ததை வாங்கி வண்டியில் குறுக்காக வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலையில் இருந்தவன் நான். சில வருடங்களுக்கு முன்னால் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. நான் ஷிப்ட் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்வந்த காலமெல்லாம் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டது என் மனைவிதான். விதை, நடவு, அறுவடை, வியாபாரிகளிடம் பேரம் எல்லாம் அவள் கையில். ஓய்வு பெற்ற முதல் வாரம் நானும் வயலுக்குப் போய், பம்ப்செட்டைப் பற்றி ஒரு யோசனை சொன்னேன். அவள் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வூட்டுல போய் கொஞ்சம் படுங்க" என்றாள்.

படுத்துக்கொண்டு செல்போன் பார்த்ததில் வந்த வினைதான் இது. ஏதோ ஒரு குளிர்தேசத்தில், தாடி வைத்த ஒரு மனிதர் தன் வீட்டுக் கொட்டகையில் தனியாக ஒரு மரப்படகு கட்டினார். விரல் அகலத்துக்கு நீளநீளமாக அறுத்த மர ரீப்பர்களைச் சட்டங்களின் மேல் வளைத்து, ஒன்றின் விளிம்பை இன்னொன்றின் விளிம்போடு ஒட்டி ஒட்டிக்கொண்டே போனார். முழுவதும் ஒட்டி முடித்ததும் வழவழவென்று ஒரு படகு வந்துவிட்டது. கடைசிவரை அவருக்கு ஒரு சொட்டு வியர்வை வரவில்லை. அவர் பேசிய மொழி எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால், என்னைப் போன்றவர்களுக்கு அவர் ஏதாவது எச்சரிக்கை சொன்னாரா என்பது தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. நெல் மூட்டைகளும் உர மூட்டைகளும் அங்கேதான் இருக்கும். அறுவடைக்கு முன்னால் காலி செய்து தருகிறேன் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்து அதில் பாதியை வாங்கினேன். எந்த வருடத்து அறுவடை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மரத்துக்கு ஒரு வழி எனக்குத் தெரிந்திருந்தது. வெளிநாட்டு மெஷின்கள் பைன் மரப் பெட்டிகளில் அடைபட்டுத்தான் ஒரகடத்துக்கு வரும். அந்தப் பெட்டிகளைப் பிரித்து சாலையோரத்தில் பழைய மரமாக விற்பார்கள். ஒரு லோடு வாங்கி, ஆணிகளைப் பிடுங்கி, அறுவை மில்லில் கொடுத்து ரீப்பராக அறுத்து வந்தேன். பலகைகளில் மையால் அச்சடித்த டம்ளர் படமும் குடைப் படமும் இருந்தன. உடையக்கூடியது, நனையக்கூடாது என்று அர்த்தம். தண்ணீரில் விடப்போகும் பொருளின் மேல் குடைப் படம் இருப்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பேனரிலிருந்த வளைவுகளை ஒட்டுப்பலகையில் வரைந்து வெட்டி, வரிசையாக நிறுத்தினேன். இந்த வகைப் படகைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத்தான் கட்ட வேண்டும். அதனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது படகாகத் தெரியாது. முதலில் கோழிக்கூண்டு என்றார்கள். ரீப்பர்கள் ஏற ஏற, சாமி வாகனத்துக்கு மூடி செய்கிறார் என்ற பேச்சு வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கொட்டாய்க்கு கூரையா தம்பி? நல்லா காத்து வரும்" என்றார். ரீப்பர்களுக்கு நடுவே என் முழங்கையே நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. அவர் அதைத்தான் சொன்னார்.

இடைவெளிகளுக்குக் காரணம் உண்டு. படகின் நடுப்பகுதியில் ரீப்பர் சொன்னபடி கேட்கும். மூக்குப் பக்கம் வந்ததும் ஒரே நேரத்தில் வளையவும் வேண்டும், முறுக்கிக்கொள்ளவும் வேண்டும். பெட்டி மரத்துக்கு அவ்வளவு பணிவு கிடையாது. ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுந்து என் தாடையில் அடிக்கும். பிளம்பிங் பைப்பை வளையம் வளையமாக அறுத்து, ஒரு பக்கம் வெட்டிவிட்டு, கிளாம்ப்பாக மாட்டி வைப்பேன். காலையில் வந்து பார்த்தால் பாதி வளையங்கள் கொட்டகை முழுக்கத் தெறித்துக் கிடக்கும். மிச்ச இடைவெளிகளை மரத்தூளும் ரெசின் பசையும் குழைத்த பட்டியால் அடைத்தேன். என் படகில் மரம் அதிகமா பட்டி அதிகமா என்பது இன்றுவரை தீராத கேள்வி.

ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் ஃபைபர் துணியும் உத்திரமேரூர் ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். அந்தக் கடை பாய் முதல் தடவையே, "இன்னா சார், தண்ணி டேங்க் ஒழுவுதா?" என்றார். ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது. அடுத்த தடவையும் ஆமாம் என்றேன். அதற்கடுத்த தடவை அவருக்கே மனசு பொறுக்கவில்லை.

"சார், கோச்சிக்காதீங்க. இன்னும் எத்தினி நாளிக்கு ஒட்டிக்கினே இருப்பீங்க? பேஜாரே வேணாம், புது டேங்க்கு ஒண்ணு வாங்கி மேல ஏத்திடுங்க."

"பழைய டேங்க் பாய். அப்பா காலத்துது" என்றேன்.

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு ஒரு பிரஷ் இலவசமாகக் கொடுத்தார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

சித்திரை வெயிலில் ரெசின் வேலை செய்யக்கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. குளிர்தேசத்துத் தாடிக்காரருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. அவர் சின்னக் கிண்ணத்தில் கலந்து கலந்து பூசினார். எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. மனைவி நெல் அள்ளும் பிளாஸ்டிக் பக்கெட்டில் மொத்தமாகக் கலந்தேன். கலக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கெட் வெதுவெதுப்பானது. பிறகு சுட்டது. பிறகு புகைந்தது. தூக்கிக்கொண்டு ஓடி, எதிரே தெரிந்த மாட்டுத் தொட்டியில் பக்கெட்டோடு வைத்தேன். சுர்ரென்ற சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தபோது, பக்கெட் இளகி ஒருபக்கமாகச் சாய்ந்து, உள்ளே பாறை மாதிரி மஞ்சளாக ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் கழுவித் தேய்த்து வேறு தண்ணீர் நிரப்பியும் எங்கள் மாடு வாரக்கணக்கில் அந்தத் தொட்டியில் வாய் வைக்கவில்லை.

"அதுக்குத் தெரியுது" என்று மட்டும் சொன்னாள் மனைவி.

ஆனியில் ஃபைபர் துணி ஒட்டி, உப்புத்தாள் போட்டு முடித்தேன். அடுத்து படகை நிமிர்த்த வேண்டும். மனைவியின் தம்பி டிராக்டரும் அறுவடை மெஷினும் வைத்து ஓட்டுகிறவர். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். படகைச் சுற்றி எல்லோரும் கைகொடுத்து, ஒரே மூச்சில் திருப்பி வைத்தார்கள். வெளிப்புறத்தை நான் கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான், வழிந்த ரெசினெல்லாம் அங்கே உறைந்து கொத்துக்கொத்தாக மேலே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு ரீப்பரில் பெட்டிக்காரன் போட்ட அம்புக்குறி அப்படியே இருந்தது. 'இப்பக்கம் மேலே' என்பதற்கான அந்த அம்பு நேராகத் தரையைக் காட்டியது.

மச்சினர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, திரும்பக் கவுத்துடட்டா?" என்றார். பிரியாணி தின்றுகொண்டே பத்துப் பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு மனைவி கொட்டகைக்கு வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகுக்குள் இறங்கி, குறுக்காக ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பக்கத்து விளிம்புகளையும் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தாள்.

"ஒக்கார நல்லாத்தான் கீது" என்றாள். அதுவரை எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். மகிழ்ச்சி தாங்காமல் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள், "கவுந்துச்சினா இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

"லைஃப் ஜாக்கெட் வாங்கியிருக்கேன்."

"ஜாக்கெட்டு கழண்டுகிச்சினா?"

அவளுக்கு ஊர் தாமல். அந்த ஊர்ப் பெரிய ஏரியின் கரையில் பிறந்து, ஆண்பிள்ளைகளோடு போட்டி போட்டு மதகிலிருந்து குதித்து வளர்ந்தவள். எனக்குத் தண்ணீர் என்றால் வாளியில் இருக்க வேண்டும்.

"மொதல்ல நீச்சல். அப்பறந்தான் இத ஏரில எறக்கணும். இல்லாங்காட்டி இதுல நெல்லு கொட்டி வெச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. பார்த்தால் நாலைந்து மூட்டை தாராளமாகப் பிடிக்கும்.

ஆடி மாதம் எங்கள் வயல் கிணற்றில் பாடம் தொடங்கியது. ஐம்பதைக் கடந்து, தொப்பையும் வைத்திருக்கும் ஒரு மனிதன், முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு கிணற்றுப் படியில் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை மனைவியின் கையில். அவள் நைட்டிக்கு மேல் என் பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தண்ணீரில் கழுத்தளவுக்கு, ஏதோ நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல் மிதந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, வாங்க. கேன் தூக்கும். பயப்படாதீங்க" என்றாள்.

இறங்கினேன். கேன் என் முதுகை மட்டும் தூக்கியது. முகம் தண்ணீருக்குள் போனது. கையும் காலும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் உதைத்ததில் அவள் தோளிலும் ஓர் உதை விழுந்தது. என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிப் படியில் சாத்தினாள்.

"யோவ்! தண்ணிய ஒதைக்கச் சொன்னா என்னை ஒதைக்கிற! கால நீட்டுய்யா. செத்த பாம்பு மாதிரி சுருட்டிக்கினு!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். 'யோவ்' பிறந்தது அந்தக் கிணற்றில். படியேறி மேலே வந்து துண்டைக் கட்டிக்கொண்டதும் மறுபடியும் 'ஏங்க' ஆகிவிடுவேன். தண்ணீருக்குள் எனக்கு மரியாதை கிடையாது என்பது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தமானது.

களை எடுக்கப் போகும் பெண்கள் தினமும் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி ஒருநாள், "இன்னாக்கா, மாமாவ கெணத்துல ஊற வெச்சிக்கினு கீற?" என்றாள். "முத்திப்போச்சிம்மா, ஊறினாத்தான் வேவும்" என்றாள் என் மனைவி. கிணறு முழுக்க அவர்கள் சிரிப்பு எதிரொலித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததில் வாய் நிறையத் தண்ணீர் போனது. ஆனால் சிரித்த அந்த நொடியில் உடம்பு இளகி, மிதந்துகொண்டிருந்தேன் என்பதை அவள்தான் கவனித்தாள். "அப்பிடியே இரு! அப்பிடியே இருய்யா!" என்று கத்தினாள். எனக்குத் தெரியாமலே கயிற்றைத் தளர்த்தியிருந்தாள்.

ஆவணி முடிவதற்குள் கேனை அவிழ்த்துவிட்டு, இந்தப் பக்கத்துப் படியிலிருந்து அந்தப் பக்கத்து பம்ப் குழாய் வரை போகக் கற்றுக்கொண்டேன். பார்க்க அழகாக இருக்காது. தவளை ஒன்று என்னைப் பார்த்துவிட்டுச் சந்தில் போய் ஒளிந்துகொண்டது. இருந்தாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, எதிர்ப் படியில் அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நெல் நல்ல விலைக்குப் போகும் நாட்களில் மட்டும் வரும் முகம் அது.

அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. கார்த்திகையில் எங்கள் ஊர் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்தது. கோவளம் பக்கம் ஒரு மீனவரிடம் வாங்கிய பழைய இன்ஜினை டிரம் தண்ணீரில் வைத்து ஓட்டிப் பழகியிருந்தேன். மச்சினர் டிராக்டர் டிரெய்லரில் படகை ஏற்றி ஏரிக்குக் கொண்டுவந்தார். எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி இறக்கினோம். நான் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டோடு பின்னால் உட்கார்ந்தேன். எதிரே மனைவி. அவளுக்கு ஜாக்கெட் தேவைப்படவில்லை.

கயிற்றை இழுத்ததும் இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கரையிலிருந்த கூட்டம் கைதட்டியது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. நான் கட்டியது, பெட்டி மரத்தையும் பட்டியையும் வைத்து நான் கட்டியது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது! நாரைகள் எழுந்து பறந்தன. மனைவி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முந்தானை பறக்க, என்னைப் பார்த்து ஏதோ உரக்கச் சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. பாராட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

அவள் சொன்னது, "வலை! வலை கீது!"

விசிறியில் வலை சுற்றி இன்ஜின் ஒரு முக்கல் முக்கி நின்றது. ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் போட்ட வலை அது. தூரத்தில் அவர் தன் தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்தபடி கைகளால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தார். வரும்போதே அவர் என் வம்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அவர் வருவதற்குள் வலையை எடுத்துவிடலாம் என்று பின்பக்கம் குனிந்தேன். தலை முன்னால் போனது, மற்றது பின்னாலேயே வந்தது.

விழுந்ததும் நான் பதறவில்லை. கிணற்றில் கற்றபடி கையை நீட்டினேன், காலை உதைத்தேன், படகைச் சுற்றிவந்து விளிம்பைப் பிடித்தேன். கரையைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.

"பாத்தியா? நீஞ்சினேன்!" என்றேன் மனைவியிடம்.

"எங்கய்யா நீஞ்சின? ஜாக்கெட்டு மெதந்துது, நீ அதுக்குள்ள இருந்த" என்றாள்.

கரையில் நின்ற யாரும் இன்றுவரை அதை நீச்சல் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

குத்தகைக்காரர் வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்தார், ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்தார், திட்டுவதற்கு மிச்சம் வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டார். "இன்னா சார், ஏரில போய் இன்ஜின வுட்டுக்கினு! மீனு பூரா மெரண்டு மதகாண்ட போயிடாதா?" என்றார். பேச்சு அவருக்கும் என் மனைவிக்கும் நடந்தது. நான் தண்ணீரில் தொங்கிக்கொண்டு கேட்டேன். புது வலை வாங்கித் தருவது, மீன்பிடிப்பு முடியும்வரை இன்ஜினை ஏரிக்குக் கொண்டுவராமல் இருப்பது என்று முடிவானது. மீன்பிடிப்பு பங்குனியில் முடியும். அப்போது ஏரியில் முழங்கால் தண்ணீர் இருக்கும். ஆக, என் மோட்டார் படகில் மோட்டார் ஓடிய மொத்தத் தூரம் கரையிலிருந்து அந்த வலை வரைக்கும்தான்.

துடுப்பு செய்தேன். அதற்கும் பெட்டி மரம்தான். மார்கழியில் காலை வேலை முடிந்ததும் நாங்கள் இருவரும் ஏரிக்குப் போவோம். நான் துடுப்பு போட்டால் படகு வட்டமடிக்கிறது. அவள் போட்டால் நேராகப் போகிறது. அதனால் அவள் போடுகிறாள், நான் எதிரே சும்மா உட்கார்ந்து வருகிறேன். எத்தனையோ வருடமாக எங்களுக்குள் பேச நேரமில்லாமல் போன விஷயங்களை அங்கேதான் பேசினோம். நிலத்தைப் பற்றியும் நிறையச் சொன்னாள். நான் யோசனை எதுவும் சொல்லவில்லை.

ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்த குத்தகைக்காரர் பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: வலை போட மட்டும் படகு கிடைக்குமா? கொடுத்தேன். திரும்ப வந்தபோது நான் வார்னிஷ் அடித்த பலகையெல்லாம் மீன் செதில். சாயங்காலம் வரை சுரண்டிக்கொண்டிருந்தேன். மறுநாளும் கேட்டார். மறுநாளும் கொடுத்தேன். மாசியில் பெரிய பிடிப்பு நடந்த அன்று, விளிம்பு வரை கட்லா மீனும் ஜிலேபி மீனும் துள்ள, தண்ணீருக்கு மேல் நாலு விரல் மட்டும் தெரிய, என் படகு கரைக்கு வந்தது. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவரிடம் அது நான் கட்டியது என்று சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

குத்தகைக்காரர் ஒரு பெரிய கட்லாவை எடுத்து என் மனைவியின் பையில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், இதே மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சி குடுப்பீங்களா?"

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் ஆர்டர் அது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மரம் கிடைப்பதைப் பொறுத்து என்று ஆரம்பித்தேன். மனைவி நடுவில் புகுந்தாள்.

"தாராளமா செய்வாருங்க. ஆனா ஒங்க வூட்டுல வெச்சித்தான் செய்வாரு."

அவர் என்னையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். "வூட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கினு சொல்றேன்" என்றார்.

இன்னும் சொல்லவில்லை.